இலகு கான்கிரீட்டில் நார் கலக்கும்போது
நார் (எஃகு, பிளாஸ்டிக் போன்றவற்றின் மெல்லிய இழைத் துண்டுகள்) போட்டால் அமுக்க வலிமை, அதாவது நசுக்கும் சுமையைத் தாங்கும் திறன், பெரிதாக ஏறாது. விரிசல் விட்ட பிறகும் இரு பக்கத்தையும் இழுத்துப் பிடித்து, சட்டென்று உடையாமல் காப்பதுதான் அதன் வேலை.

சாதாரண கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2400 கிலோ. இலகு வகை 2000க்குள். எடை குறையக் காரணம் பெரும்பாலும் நுண்துளை ஜல்லிதான். அது கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், முந்தின நாளே நனைத்து வையுங்கள்.

நாரை மொத்தமாகக் கொட்டாமல், மிக்சர் சுற்றும்போதே உதிர்த்துத் தூவுங்கள். இல்லாவிட்டால் பந்துபந்தாகத் திரளும், அந்த இடமே பலவீனமாகிவிடும். நார் விழுந்ததும் கலவை இறுகினதுபோலத் தெரியும். அப்போது தண்ணீர் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள், வலிமை போய்விடும், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் ரசாயனமான பிளாஸ்டிசைசர் சேருங்கள். அப்புறம், கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரை அதிக நேரம் பிடித்தால் லேசான ஜல்லி மேலே மிதந்து வந்துவிடும்.