ஒரே வாக்குச்சீட்டுக் கட்டு, மூன்று வெற்றியாளர்கள்: சங்கத் தேர்தலுக்கு எண்ணும் முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குடியிருப்போர் சங்கமோ முன்னாள் மாணவர் சங்கமோ, ஒரு பதவிக்கு மூன்று பேர் போட்டியிட்டால் வாக்கை எப்படி எண்ணுகிறோம் என்பதே வெற்றியாளரை மாற்றிவிடும். அதனால் வேட்புமனு வாங்குவதற்கு முன்பே முறையை முடிவு செய்யுங்கள். யார் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எந்த முறையைச் சொன்னாலும், யாருக்கோ சாதகமாகச் செய்ததாகவே பேச்சு வரும். துணைவிதியில் வேறு முறை எழுதியிருந்தால் முதலில் பொதுக்குழுவில் அதைத் திருத்த வேண்டும்.

100 வாக்குச்சீட்டுகளை வைத்துப் பார்ப்போம். சின்னங்கள் குடை, மணி, விளக்கு. வாக்காளர்கள் 1, 2, 3 என்று வரிசை எழுதியிருக்கிறார்கள். ஒரே வரிசை உள்ள சீட்டுகளை ஒன்றாகக் கட்டினால் கிடைப்பது:

40 சீட்டு: குடை, மணி, விளக்கு
33 சீட்டு: விளக்கு, மணி, குடை
20 சீட்டு: மணி, விளக்கு, குடை
7 சீட்டு: மணி, குடை, விளக்கு

நம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களைப் போல முதல் இடத்தை மட்டும் எண்ணினால் 40 வாக்கோடு குடை ஜெயிக்கும். ஆனால் 53 பேர் குடையைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். எண்ணுவது எளிது, தகராறு குறைவு என்பதுதான் இந்த முறையின் பலம். இரண்டே பேர் நின்றால் இதுவே போதும்.

அடுத்தது, கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றும் முறை. ஆஸ்திரேலிய பிரதிநிதிகள் சபைக்கு இப்படித்தான் எண்ணுகிறார்கள். இங்கே 27 வாக்குள்ள மணி நீங்குகிறது. 20 சீட்டு விளக்குக்கும் 7 சீட்டு குடைக்கும் போக, விளக்கு 53, குடை 47. விளக்கு ஜெயிக்கிறது.

மூன்றாவது, இருவர் இருவராக மோதவிடுவது. ஒவ்வொரு சீட்டிலும் யார் முன்னால் இருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். மணிக்கும் குடைக்கும் இடையே 60–40. மணிக்கும் விளக்குக்கும் இடையே 67–33. இரண்டிலும் மணியே வெல்கிறது. எல்லோரையும் நேருக்கு நேர் வெல்லக்கூடியவர், முந்தைய முறையில் முதல் ஆளாக வெளியே போய்விட்டார். இது காகிதத்தில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் பர்லிங்டன் நகர மேயர் தேர்தலில் 2009இல், எல்லோரையும் நேருக்கு நேர் வென்றிருக்கக்கூடிய ஆண்டி மான்ட்ரோல் என்ற வேட்பாளர் இப்படித்தான் கடைசிச் சுற்றுக்கு முன்பே நீங்கினார். அடுத்த ஆண்டு அந்த ஊர் வாக்காளர்கள் அந்த நீக்கும் முறையையே கைவிட்டார்கள்.

ஒற்றைப் பதவிக்கு இந்த நேருக்கு நேர் எண்ணிக்கையையே நான் பரிந்துரைப்பேன். மூன்று பேருக்கு 3 மோதல், ஐந்து பேருக்கு 10 மோதல். ஒரு தாளில் கட்டம் போட்டு முடித்துவிடலாம். ஒரே சிக்கல், அ என்பவர் ஆவை வென்று, ஆ இயை வென்று, இ அவை வென்று வட்டமாகிப் போகலாம். அப்படி ஆனால் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றவரே வெற்றியாளர் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

முதலிடத்துக்கு 2, இரண்டாமிடத்துக்கு 1 என்று மதிப்பெண் கொடுக்கும் முறையிலும் இங்கே மணி 127 பெற்று ஜெயிக்கிறது (குடை 87, விளக்கு 86). ஆனால் இது கணக்குப் போட்டு வாக்களிக்கத் தூண்டும். மணியை வீழ்த்த நினைத்து குடை ஆதரவாளர் 40 பேரும் மணியைக் கடைசிக்குத் தள்ளினால், விளக்கு 126 வாங்கி ஜெயித்துவிடும். அவர்கள் உண்மையில் கொஞ்சமும் விரும்பாதவர் அவர்தான். பிடித்த எல்லோருக்கும் டிக் போடும் முறை எளிமையானது. ஆனால் ஆளாளுக்கு எத்தனை டிக் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு ஆடும்.

வரிசை எழுதும் எந்த முறையிலும் அதிகம் சறுக்குவது வாக்காளர் பாதியில் நிறுத்திவிடும்போதுதான். இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தல் இதற்குச் சரியான பாடம். அங்கே மூன்று விருப்பம் வரை எழுதலாம். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே நேரத்தில் நீங்குவார்கள். அந்தத் தேர்தலில்தான் முதன்முதலாக இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. நீங்கிய 36 பேருக்கு விழுந்த 33 லட்சத்துச் சொச்சம் வாக்குகளில் 2,73,131 மட்டுமே முதல் இருவருக்குப் போய்ச் சேர்ந்தன. அநுர குமார திசாநாயக்கவின் இறுதி எண்ணிக்கை 57,40,179. முதலில் பதிவான செல்லுபடியான வாக்குகளில் இது சுமார் 43 சதவீதம். ஆகவே சீட்டிலேயே "எல்லாப் பெயருக்கும் எண் எழுதவும்" என்று அச்சிடுங்கள். ஒரே ஒரு பெயருக்கு பெருக்கல் குறி இருந்தால் அதை 1 என்று ஏற்பதா, 1க்குப் பிறகு 3 என்று தாவியிருந்தால் என்ன செய்வது, 1 என்று இரண்டு இடத்தில் இருந்தால் செல்லாததா என்ற மூன்றுக்கும் பதில் பெட்டியைத் திறக்கும் முன் எழுத்தில் இருக்க வேண்டும்.

செயற்குழு போலப் பல இடங்களை நிரப்புவது வேறு கதை. ஐந்து இடத்துக்கு ஆளுக்கு ஐந்து வாக்கு கொடுத்தால், 51 பேர் உள்ள அணி ஐந்தையும் அள்ளிக்கொள்ளும். 49 பேருக்கு ஒன்றுமில்லை. இதைத் தவிர்க்க, 1, 2, 3 என்று வரிசை எழுதும் மாநிலங்களவைத் தேர்தல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த வாக்கை, இடங்களோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டு, 1 சேர்த்தால் வெற்றிக்கான அளவு வரும். தமிழ்நாட்டில் 6 இடத்துக்கு 234 எம்.எல்.ஏ.க்கள், ஒரு வாக்கின் மதிப்பு 100. எனவே 23,400ஐ 7ஆல் வகுத்து 1 சேர்த்தால் 3,343. 'ஒரு சீட்டுக்கு 34 எம்.எல்.ஏ.' என்ற கணக்கு வருவது இப்படித்தான்.

உங்கள் சங்கத்தில் 100 வாக்கு, 3 இடம் என்றால் அளவு 26. ஒருவர் 40 வாங்கினால் 14 உபரி. அது அவருடைய சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பத்துக்குப் போக வேண்டும். மேலே இருக்கும் 14 சீட்டை உருவி அடுத்தவருக்குக் கொடுப்பது பெரிய தவறு. எந்தச் சீட்டு மேலே இருந்தது என்பதே முடிவை மாற்றிவிடும். 40 சீட்டையும் அடுத்த விருப்பப்படி பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 14/40, அதாவது 0.35 மதிப்புக் கொடுத்து நகர்த்துங்கள். உபரி தீர்ந்தும் இடம் மீதமிருந்தால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அப்போதிருக்கும் மதிப்பிலேயே மாற்றுங்கள்.