பெங்களூரில் ஒரு நாள் உல்லன் வேட்டை: முதல்முறை போகிறவர்களுக்கு

குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் "நூல் எங்கே வாங்கலாம்?" என்று கேட்டால், பெங்களூரில் யாரும் யோசிக்காமல் சொல்லும் பதில் சிக்பேட். தப்பில்லை. ஆனால் முதல்முறையாகப் போகிறவர் நேராக அங்கே போய் இறங்கினால், கூரை வரை அடுக்கிய கலர்களைப் பார்த்துத் தலை கிறுகிறுத்து, எதற்கும் உதவாத ஒன்றரைக் கிலோவோடு வீடு திரும்புவார். நான் அப்படித்தான் திரும்பினேன். அதனால் இங்கே சொல்லும் வழியில் சிக்பேட் இரண்டாவதாக வருகிறது.

படி 1: முந்தின நாள் ராத்திரி

என்ன பின்னப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டில் பாதியில் நிற்கும் பின்னல் வேலைக்கு "வள்ளுவர்" என்று பெயர். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியே கிடந்து 2009இல்தான் திறக்கப்பட்டது, தெரியுமில்லையா? அந்தக் கணக்கு. என் அலமாரியில் இப்போது நான்கு வள்ளுவர்கள் இருக்கிறார்கள். நான்கு பேரும் "கலர் அழகா இருக்கே, அப்புறம் ஏதாவது பண்ணிக்கலாம்" என்று வாங்கிய நூலில் பிறந்தவர்கள்.

முதல் வேலைக்குக் குழந்தைக் குல்லா நல்லது. ஒரு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 45, 46 செ.மீ. இருக்கும். பின்னல் இழுத்துக் கொடுக்கும் என்பதால் குல்லாவை இரண்டு மூன்று செ.மீ. குறைத்தே போடுவோம். நடுத்தரத் தடிமன் நூலில் 50 கிராம் பொதுவாகப் போதும், கை இன்னும் பழகவில்லை என்றால் 100 கிராம் வாங்குங்கள். பெரியவர்களுக்கு மஃப்ளர் என்றால் 200 கிராம். முழு ஸ்வெட்டர் 400 முதல் 600 கிராம் வரை இழுக்கும், முதல் பயணத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

குல்லாவை யார் போடப் போகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். பெங்களூர் டிசம்பருக்கு அக்ரிலிக் சரி. மதுரையில் இருக்கும் அக்கா பெண்ணுக்கு அதை அனுப்பினால் குழந்தை ஒரு நிமிஷம் தலையில் வைத்திருக்காது. அங்கே பருத்தி.

பையில் எடுத்துக்கொள்ள வேண்டியது: பள்ளிக்கூட ஸ்கேல், உங்கள் குரோஷா ஊசி, ஒரு துணிப்பை, பேனா. கத்தரிக்கோல் வேண்டாம், மெட்ரோ பைச் சோதனையில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். நூல் வெட்ட நகவெட்டி போதும்.

பேட்டர்னை, அதாவது எப்படிப் பின்ன வேண்டும் என்ற குறிப்பை, ஒருமுறை பார்த்துவிடுங்கள். அமெரிக்கக் கணக்கில் "சிங்கிள் குரோஷே" என்பது பிரிட்டிஷ் கணக்கில் "டபுள் குரோஷே". எது என்று தெரியாமல் பின்னினால் குல்லா பாட்டிக்குத்தான் பொருந்தும்.

படி 2: மல்லேஸ்வரம், காலை பத்தரை

மெட்ரோவில் பச்சைத் தடத்தில் சம்பிகே ரோடு நிலையத்தில் இறங்குங்கள். சி.டி.ஆர். ஓட்டலில் வெண்ணெய் தோசை சாப்பிடப் போவீர்கள், போகாதே என்றாலும் கேட்க மாட்டீர்கள். கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். வெண்ணெய்க் கையோடு வெள்ளை உல்லனைத் தொட்டால் கடைக்காரர் பார்க்கிற பார்வை இருக்கிறதே!

சம்பிகே ரோட்டிலும் அதன் கிராஸ்களிலும் லேஸ், பட்டன், ஃபால்ஸ் விற்கும் சின்னக் கடைகள் இருக்கும். அவற்றில் உல்லன் வைத்திருக்கிற ஒரு கடையைத் தேடுங்கள். இங்கே வாங்குவதைவிடக் கற்றுக்கொள்வதுதான் முக்கியம். கூட்டம் குறைவு, ஒரே ஒரு உருண்டை கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். அதைக் கையில் வாங்கி, சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைப் படியுங்கள்.

பட்டையில் எடை, எந்த இழை, எத்தனை மி.மீ. ஊசி, கலர் எண், லாட் எண் ஆகியவை இருக்கும். வர்த்மான், கங்கா இரண்டும் லூதியானா சரக்கு, இந்தப் பெயர்களை அடிக்கடி கேட்பீர்கள். "4 ப்ளை" என்று போட்டிருந்தால் அது தடிமன் என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனை இழையை முறுக்கியிருக்கிறார்கள் என்பதுதான் அது. மெல்லிய நான்கு இழையும் உண்டு, தடித்த நான்கு இழையும் உண்டு.

தடிமன் பார்க்க ஸ்கேல் இருக்கிறதே. நூலை இழுக்காமல், இடைவெளி விடாமல் ஸ்கேலைச் சுற்றிச் சுற்றி வையுங்கள். ஓர் அங்குலத்துக்குள் சுமார் 11 சுற்று வந்தால் அது டி.கே. (டபுள் நிட்டிங்) என்கிற நடுத்தரத் தடிமன், 4 மி.மீ. ஊசிக்குச் சரியான ஜோடி. 14 வந்தால் மெலிசு, 7 வந்தால் தடிப்பு. பட்டையே இல்லாத நூலுக்கும் இந்த வித்தை செல்லும், அடுத்த இடத்தில் அதுதான் கைகொடுக்கும்.

சும்மா பார்த்துவிட்டு வருவது மரியாதையில்லை. வேறு அளவில் ஊசி வேண்டுமென்றால் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பின்னல் ஊசி கேட்டால் கடையில் பழைய நம்பரில் சொல்வார்கள்: 8ஆம் நம்பர் என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். குரோஷா நூலிலும் இதே தலைகீழ்தான், 20ஆம் நம்பரைவிட 40ஆம் நம்பர் மெல்லியது.

படி 3: சிக்பேட்

அதே பச்சைத் தடத்தில் இரண்டாவது நிலையம், நடுவே மெஜஸ்டிக். வெளியே வந்தால் பேட்டை. அக்கிப்பேட்டை, பளேபேட்டை, நகரத்பேட்டை என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பேட்டையாக வளர்ந்த பழைய ஊர் இது. அரளேபேட்டை என்றால் பஞ்சுப்பேட்டை, காட்டன்பேட்டை என்பதும் அதுவே.

என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து பின்னி மில்லில் வேலை பார்த்தவர். கம்பளி நெய்கிற மில், "பின்னி" என்று பெயர். பின்னுகிற இடம் என்பதால் வைத்த தமிழ்ப் பெயர் என்றே பத்து வயது வரை நம்பியிருந்தேன். பெரம்பூர் பி அண்ட் சி மில் நடத்திய அதே பின்னி கம்பெனிதான் அது. சென்னையில் வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பெயர் என்று தெரிந்த அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அவென்யூ ரோட்டில் ராஜா மார்க்கெட்டைக் கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். பட்டன், மணி, லேஸ், ஜரிகை எல்லாம் அடுக்கடுக்காக. உல்லன் எந்தக் கடையில் என்று உள்ளே நுழைந்ததும் கேட்டுவிடுங்கள், தானாகத் தேடினால் மணிக்கடையில் மாட்டிக்கொள்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், மொத்த வியாபாரக் கடைகள் பல பூட்டியிருக்கும்.

மொத்தக் கடையில் முழுப் பாக்கெட்டாகத்தான் கொடுப்பேன் என்பார்கள். ஒரு கலரில் முழுப் பாக்கெட் உங்களுக்கு எதற்கு? தோழியோடு போய்ப் பாதிப் பாதி பிரித்துக்கொள்வது ஒரு வழி. "லூஸ் இருக்கா?" என்று கேட்பது இன்னொரு வழி, பல கடைகளில் எடைக்கும் கிடைக்கும். தமிழிலேயே கேளுங்கள், பெரும்பாலும் தமிழிலேயே பதில் வரும். வராவிட்டால் கன்னடத்தில் "ஸ்வல்ப கம்மி மாடி" கொஞ்சம் குறைக்க வைக்கும். அதைவிட முக்கியமான வாக்கியம் "ஒந்தே லாட் கொடி", ஒரே லாட்டாகக் கொடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு தடவை ஸ்வெட்டருக்கு நூல் குறைந்து, அதே கடைக்குப் போய் அதே கலர் எண்ணில் இன்னும் இரண்டு உருண்டை வாங்கி வந்தேன். டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பின்னி முடித்து மொட்டை மாடியில் உதறினால் வலது கை மட்டும் வேறு பச்சை. ஒரே கலர்தான், ஆனால் வேறு தொட்டியில் வேறு நாளில் சாயம் ஏறியது. லாட் எண் அதைத்தான் சொல்கிறது. அதனால் எல்லா உருண்டையிலும் லாட் எண்ணை ஒப்பிடுங்கள். எடைக்கு வாங்கும் நூலில் எண்ணே இருக்காது, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பாருங்கள்.

"பியூர் ஊல் மேடம்" என்று ஒருவர் சத்தியம் செய்வார். வாதாட வேண்டாம். ஒரே ஒரு உருண்டை வாங்கி, வீட்டில் ஒரு சாண் நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நெருப்பு காட்டுங்கள். அசல் கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்து, கரி விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும், ஆறும் முன் தொடாதீர்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். அக்ரிலிக் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. குழந்தைச் சாமானுக்கு அடிக்கடி துவைக்க வேண்டும், அதற்கு அதுவே வசதி. கம்பளி விலைக்கு வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

படி 4: கமர்ஷியல் ஸ்ட்ரீட், கால் வலிக்காவிட்டால்

மெஜஸ்டிக் திரும்பி ஊதாத் தடத்தில் எம்.ஜி. ரோடு. அங்கிருந்து காமராஜ் ரோடு வழியாகக் கால் மணி, இருபது நிமிஷ நடை. குல்லாவுக்குப் பட்டன், பருத்தி நூல், எம்பிராய்டரி சாமான் பார்க்கச் சந்துகளுக்குள் போங்கள். பெரிய ரோட்டில் துணிக்கடைகள் இழுக்கும். நூல் ஏற்கெனவே பையில் இருந்தால் இந்தப் படியைத் தாண்டி வீட்டுக்குப் போகலாம், நஷ்டமில்லை.

படி 5: அன்று ராத்திரியே

உருண்டையாக வாங்கியிருந்தால் பட்டையில் ஒன்றைக் கிழிக்காமல் எடுத்து, கடை, தேதி எழுதி ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

லச்சியாக, அதாவது உருட்டாமல் வளையமாகச் சுற்றிக் கட்டிய சிட்டமாக வாங்கியிருந்தால் அப்படியே பின்ன ஆரம்பிக்காதீர்கள், பத்தே நிமிஷத்தில் காக்காய்க் கூடு ஆகிவிடும். சிட்டத்தை விரித்து, கட்டியிருக்கும் முடிச்சுகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு நாற்காலி முதுகிலோ ஒருவர் இரண்டு கையிலோ மாட்டிய பிறகுதான் முடிச்சுகளை வெட்ட வேண்டும். பிறகு நூல் முனையைப் பிடித்துத் தளர்வாக உருட்டுங்கள். இறுக்கிச் சுற்றினால் நூல் இழுபட்டுக் கிடக்கும், பின்னித் துவைத்ததும் குல்லா சுருங்கும்.

எங்கள் வீட்டில் அந்த இரண்டு கை அம்மாவுடையது. ஒயர் கூடையில் சிவன் கண் டிசைன் போட்டுப் பழகிய கை. "ஒரு ரோல் ஒயர் வாங்கினா ஒரு கூடை முடியும், நீ மூணு கடை ஏறி இறங்கி ஒரு குல்லாயா?" என்று கேட்டுக்கொண்டேதான் நீட்டிக்கொண்டிருப்பார். சிக்கு விழுந்தால் மட்டும் என்னைத் தொட விடமாட்டார்.