மியூனிக்கிலிருந்து சுக்ஷ்பிட்ஸே சிகரத்திற்கு ஒரே நாளில் போய்வருவது எப்படி

மியூனிக் நகரில் விடியற்காலையில் ரயிலேறினால் நண்பகலுக்குள் ஜெர்மனியின் மிக உயர்ந்த இடத்தில் நிற்கலாம், இருட்டுவதற்குள் வீடும் திரும்பலாம். 1820ஆம் ஆண்டு நிலவரைபட அளவைப் பணிக்காக வந்த ஜோசப் நவுஸ் என்ற ராணுவ அதிகாரி நடந்தே ஏறிய சுக்ஷ்பிட்ஸே சிகரத்திற்கு இன்று பல்சக்கர ரயில் ஒன்று மலையைக் குடைந்து செல்கிறது. கேபிள் கார் ஒன்று பத்தே நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சிகரத்தின் உயரம் 2,962 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட முந்நூற்றுச் சொச்சம் மீட்டர்தான் அதிகம் என்று கணக்குப் போட்டு மெல்லிய ஸ்வெட்டரோடு கிளம்பிவிட வேண்டாம். அங்கே ஜூன் மாதத்திலும் பனி கிடக்கும்.

போய்ச் சேர்வது எளிது. எந்த நாளில் போவது என்பதுதான் கடினம். பயணத் திட்டத்தில் பாதி உழைப்பை அதற்கே செலவிட வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரை, விடுப்பு கிடைத்த நாள் என்ற ஒரே காரணத்திற்காக, வானிலையைப் பார்க்காமல் ஒரு சனிக்கிழமை அழைத்துச் சென்றேன். மேலே மேகத்திற்குள் நின்றுகொண்டு எதிரே இருந்த கைப்பிடிக் கம்பியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு காசு கொடுத்து வந்தது இந்தக் கம்பியைப் பார்க்கத்தானா, மாப்பிள்ளை?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒரு நாளைக் குறிக்காமல், ஒரே வாரத்தில் இரண்டு மூன்று நாட்களைக் காலியாக வைத்துக்கொண்டு, முதல் நாள் இரவு முன்னறிவிப்பையும் புறப்படும் காலையில் சிகரத்து நேரலைக் கேமராவையும் பார்த்த பிறகே கிளம்புகிறேன். கேமராவை வீட்டிலேயே கைப்பேசியில் பார்த்துவிடலாம் என்பதால், அதைப் பாராமல் மலையேற்றச் சீட்டை வாங்குவது வீண் செலவுக்கு வழி.

பருவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காலை தெளிவாக இருந்து, மதியத்திற்கு மேல் மேகம் திரண்டு, மாலையில் இடியுடன் மழை பெய்வது வழக்கம். ஆகவே கோடையில் எவ்வளவு முன்னதாகப் போகிறோமோ அவ்வளவுக்குக் காட்சி கிடைக்கும். இலையுதிர் காலத்தில் இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்று உண்டு. குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தங்கிவிட, மியூனிக் நாள் முழுவதும் மூடுபனியில் கிடக்கும்போது, அந்தப் பனிக்கு மேலே சிகரம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அக்டோபரிலோ நவம்பரிலோ சன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை என்றால் சலித்துக்கொள்ளாமல் கேமராவைத் திறந்து பாருங்கள். அதுவே போக வேண்டிய நாளாக இருக்கக்கூடும். ஆனால் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் கேபிள் காரைப் பராமரிப்புக்காகச் சில நாட்கள் நிறுத்துவார்கள் என்பதால், அந்தத் தேதிகளையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

மியூனிக்கிலிருந்து மலையடிவார ஊரான கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன் வரை வட்டார ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். வண்டி மணிக்கு ஒன்று உண்டு. மாதச் சந்தாவான டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொலைவுக்குத் தனிச் செலவில்லை. மற்றவர்களுக்கு, பவேரிய மாநிலத்து வட்டார ரயில்களில் ஒரு நாள் செல்லும் பயர்ன் டிக்கெட் ஏற்றது. ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை போகலாம் என்பதால் குடும்பமாகச் செல்வோருக்குக் கணிசமாக மிச்சமாகும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வார நாட்களில் அந்தச் சீட்டு காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும். ஒன்பதரை மணி வண்டியைப் பிடித்தால் கார்மிஷ் சேர்வதற்குள் பதினொன்றாகிவிடும்; சிகரத்தில் கால் வைக்கும்போது உச்சிப்பொழுது கடந்திருக்கும், கோடையில் அதுதான் மேகம் ஏறும் நேரம். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஆனால் கூட்டம் இருக்கும். வார நாளில் சற்றுக் கூடுதலாகச் செலவழித்துச் சாதாரணச் சீட்டில் ஏழு மணியளவில் கிளம்புவதையே நான் விரும்புவேன். இந்த இரண்டு சலுகைச் சீட்டுகளும் கார்மிஷுக்கு மேலே செல்லும் பல்சக்கர ரயிலுக்கோ கேபிள் காருக்கோ செல்லாது. மலைக்குத் தனிச் சீட்டு, அதுவும் விலை கூடியது.

கார்மிஷ் வண்டிகள் மியூனிக் மைய நிலையத்தில் 27 முதல் 36 வரை எண்ணிட்ட நடைமேடைகளிலிருந்து புறப்படும். அவை முதன்மைக் கூடத்திலிருந்து தள்ளியிருக்கும் பக்கவாட்டுப் பகுதியில் இருப்பதால், நடப்பதற்கென்றே பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். வண்டியின் பெட்டிகள் வழியில் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போவதும் உண்டு என்பதால், ஏறும் பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊரின் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். இடப்புறம் உட்கார்ந்தால் ஸ்டார்ன்பெர்க் ஏரி தெரியும். டுட்ஸிங்குக்கு அப்பால் பாதையின் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம்; எதிர்வண்டிக்காகக் காத்து நிற்பதால் தாமதம் ஏற்படுவது சகஜம், பணிகள் நடக்கும் நாட்களில் மாற்றுப் பேருந்தும் ஓடும். புறப்படுவதற்கு முன்பு ரயில் செயலியில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுவது உத்தமம்.

கார்மிஷில் இறங்கிச் சுரங்க நடைபாதையைக் கடந்தால் பல்சக்கர ரயிலின் தனி நிலையம் வந்துவிடும். அங்கே வாங்கும் போய்வரும் சீட்டில் ரயிலும் கேபிள் காரும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கலாம். என் பரிந்துரை, ரயிலில் ஏறிக் கேபிள் காரில் இறங்குவது. உயரம் மெல்ல மெல்லக் கூடுவதால் காதும் தலையும் பழகிக்கொள்ளும், கேபிள் காரில் ஏறுவதற்குக் காலையில் நிற்கும் வரிசையிலிருந்தும் தப்பிக்கலாம். மதியம் இடிமழை வரும் என்று முன்னறிவிப்பு சொல்லும் கோடை நாளில் மட்டும் இதைத் திருப்பிப் போட்டு, மலையடிவாரத்து ஏரிக்கரை நிலையமான ஐப்ஸே வரை ரயிலில் சென்று, அங்கிருந்து கேபிள் காரில் நேரே சிகரத்தை அடைந்து, காட்சியை முதலில் பார்த்துவிட வேண்டும்.

1930ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்த ரயில், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் நம் மலை ரயிலைப் போலவே மீட்டர் பாதையில் ஓடுகிறது, அதைப் போலவே செங்குத்தான பகுதியில் பல்சக்கரத்தின் துணையோடு ஏறுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டு மீட்டருக்குச் சுமார் ஒரு மீட்டர் ஏற்றம் என்றால், இங்கே மிகச் செங்குத்தான இடத்தில் நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர். கிரைனாவ் வரை சமவெளி வண்டியாகப் புல்வெளிகளுக்கிடையே ஓடிவிட்டு, அதன் பிறகு பற்களைக் கவ்விக்கொண்டு மெதுவாக மேலேறும்போது இருக்கைக்கு அடியில் ஒரு நறநறப்பு கேட்கும். ஐப்ஸேயைத் தாண்டியபின் நான்கு கிலோமீட்டருக்கும் அதிகமான சுரங்கம் வருகிறது. அதற்குள் சன்னலில் உங்கள் முகம்தான் தெரியும் என்பதால், சாப்பிட வேண்டியதைச் சாப்பிட்டு, குளிராடைகளை அணிந்துகொள்ள அந்த நேரத்தைப் பயன்படுத்தலாம். எங்கள் பையிலிருந்த சிப்ஸ் பொட்டலம் ஒருமுறை அந்தச் சுரங்கத்திற்குள் தலையணை போல உப்பிவிட்டது. காற்றழுத்தம் குறைவதை என் மகனுக்கு விளக்க அதைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை.

ஒன்றேகால் மணி நேரத்தில் வண்டி சுமார் 2,600 மீட்டர் உயரத்திலுள்ள பிளாட் என்னும் மேட்டுச் சமவெளியில் நிற்கும். பலரும் இங்கே இறங்கிய கையோடு சிகரத்திற்கு ஓடுவார்கள். அவசரம் வேண்டாம்; முக்கால் மணி நேரம் இங்கேயே இருந்து மூச்சைச் சீராக்கிக்கொள்ளலாம். பனியாறு என்று இங்கே இப்போது எஞ்சியிருப்பது வடக்கு ஷ்னேஃபெர்னர் மட்டுமே. தெற்கு ஷ்னேஃபெர்னர், நகர்வதற்குரிய பனித்தடிமனை இழந்துவிட்டதால், 2022ஆம் ஆண்டு பனியாறு என்ற தகுதியை இழந்துவிட்டதாகப் பவேரிய அறிவியல் கழகம் அறிவித்தது. குழந்தைகளோடு வருபவர்கள் இன்னொரு முறை வரும்போது காட்டலாம் என்று தள்ளிப்போட முடியாத காட்சி, எஞ்சியிருக்கும் அந்த வடக்குப் பனியாறு.

பிளாட்டிலிருந்து இன்னொரு சிறிய கேபிள் கார் சில நிமிடங்களில் சிகரத்தின் மாடிக்குக் கொண்டுசெல்லும். மாடியின் ஒரு பாதி ஜெர்மனி, மறுபாதி ஆஸ்திரியா. எல்லையைத் தாண்டுவதற்கு யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கட்டும். பொன்முலாம் பூசிய சிலுவை நிற்கும் உண்மையான உச்சி மாடியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போக இரும்பு ஏணியையும் கம்பியையும் பிடித்துக்கொண்டு, இரு பக்கமும் பாதாளம் தெரிய, பாறைமேல் ஏற வேண்டும். நல்ல பிடிப்புள்ள காலணியும் உலர்ந்த பாறையும் இருந்தால் மட்டுமே அதற்குத் துணியலாம். பனி படிந்த நாளில் மாடியிலிருந்து படமெடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சைவ உணவு உண்பவர்களுக்கு மேலே பாலாடைக்கட்டி சேர்த்த மாவுணவும் உருளைக்கிழங்கு வறுவலும் கிடைக்கும், ஆனால் விலை உயரத்தோடு சேர்ந்தே ஏறுகிறது. நாங்கள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போவோம். திறந்த வெளியில் பொட்டலத்தைப் பிரித்தால் மஞ்சள் அலகும் சிவந்த கால்களும் கொண்ட மலைக்காகங்கள் கைப்பிடிச் சுவரில் வந்து வரிசையாக அமரும். ஊர்க் காகத்திற்குச் சற்றும் சளைத்தவையல்ல, கண் அசந்தால் கையிலிருப்பதைக் கொத்திப்போய்விடும்.

கார்மிஷுக்கும் சிகரத்திற்கும் இடையே சுமார் 2,250 மீட்டர் உயர வேறுபாடு இருப்பதால், கீழே 25 பாகை வெப்பம் இருக்கும் நாளில் மேலே பத்துப் பாகையை எதிர்பார்க்கலாம். காற்றும் சேர்ந்தால் அதைவிடக் குளிராகத் தோன்றும். காற்றுத் தடுக்கும் மேலாடை, தொப்பி, பனியின் பளபளப்பைத் தாங்கும் கறுப்புக் கண்ணாடி, சருமக் களிம்பு, தண்ணீர் ஆகியவை கோடையிலும் தேவை. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ எழுபது விழுக்காடுதான் என்பதால் படிகளில் வேகமாக ஏறினாலே மூச்சு வாங்கும். இதயக் கோளாறோ இரத்த அழுத்தமோ உள்ள பெரியவர்களை அழைத்து வருவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கைக்குழந்தைக்கு இறங்கும்போது பால் கொடுத்தால் காது அடைக்காது.

இறங்குவதற்கான கேபிள் கார் 2017 டிசம்பரில் திறக்கப்பட்டது. வழி முழுவதிலும் ஒரே ஒரு கோபுரம், 127 மீட்டர் உயரம். அதற்கும் சிகரத்திற்கும் இடையே 3,213 மீட்டர் தொலைவுக்குக் கம்பிவடம் வேறு தாங்கலின்றி அந்தரத்தில் தொங்குகிறது. 120 பேர் வரை ஏற்றும் பெட்டியின் முன்பக்கக் கண்ணாடியருகே இடம் பிடித்துவிட்டால், காலடியில் பச்சையும் நீலமுமாக ஐப்ஸே ஏரி விரிந்துகொண்டே வருவதைக் காணலாம். பழனி ரோப்கார் பலத்த காற்றில் நிறுத்தப்படுவதைப் போலவே இதுவும் நிறுத்தப்படும்; அப்போது ரயிலில் இறங்க வேண்டியிருக்கும். அந்த ரயிலின் கடைசி வண்டி பெரும்பாலும் நான்கரை மணியளவில் பிளாட்டிலிருந்து புறப்பட்டுவிடும் என்பதால், காலையில் சீட்டு வாங்கும்போதே அன்றைய கடைசி இறக்க நேரங்கள் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணிக்குள் கீழே வந்துவிட்டால் ஏரியைச் சுற்றியுள்ள ஏழரைக் கிலோமீட்டர் பாதையை நிதானமாக இரண்டு மணி நேரத்தில் நடந்து முடிக்கலாம். மலை மூடிக்கிடக்கும் நாளில் சிகரத்திற்குச் சீட்டு வாங்காமல் இந்த நடையையோ, கார்மிஷ் ஒலிம்பிக் பனிச்சறுக்கு அரங்கிலிருந்து நடந்தே எட்டிவிடக்கூடிய பார்ட்நாக் மலையிடுக்கையோ தேர்ந்தெடுப்பது நல்லது. ஐப்ஸேயிலிருந்து கார்மிஷுக்கு உங்கள் சிகரச் சீட்டிலேயே ரயிலில் திரும்பலாம். கார்மிஷில் மியூனிக் வண்டிக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் நடைமேடைக்கு நேரே போய்விடுங்கள். வெயிலான ஞாயிறு மாலையில் மலைக்கு வந்த ஊர் முழுவதும் அதே வண்டியில்தான் ஏறும்.