ஹட்சன் ஆற்றங்கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிப்பது எப்படி: முதல்முறை தூண்டில் போடுபவர்களுக்கு

நியூயார்க் நகரின் தென்முனையிலிருந்து டிராய் அணை வரை, ஏறக்குறைய 245 கிலோமீட்டருக்கு, ஹட்சன் ஆறு கடலோடு சேர்ந்தே ஏறி வற்றுகிறது. வசந்த காலத்தில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்னும் கோடு போட்ட பெரிய மீன் கடலிலிருந்து இந்த ஆற்றில் ஏறி வந்து நன்னீரில் முட்டையிடும். அதைப் பிடிக்கப் படகு வேண்டியதில்லை, கரையே போதும். புதிதாக வருபவர்கள் ராடுக்கும் ரீலுக்கும் காசைக் கொட்டிவிட்டு நீரோட்டத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் இங்கே நீரோட்டத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

கிளம்பும் முன்

16 வயது நிரம்பியவர்கள் மாநிலத்தின் கடல் மீன்பிடிப் பதிவேட்டில் பதிந்துகொள்ள வேண்டும். இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு வடக்கே ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரை சீசன். ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு மீன்தான் எடுக்கலாம். 2024-இல் வந்த விதிப்படி அது 23 முதல் 28 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிடச் சின்னதையும் பெரியதையும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, ஆகவே ஒவ்வொரு வருடமும் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நியூபர்க், கிங்ஸ்டன், கேட்ஸ்கில் பக்கம் ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரைதான் நல்ல நேரம். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மீன் வந்திருக்கும் என்று நம்பிப் போகலாம். 15 முதல் 18 டிகிரியில் முட்டையிடும்.

படி 1: நீரோட்டத்தைப் படியுங்கள்

ஏற்றம் முடிந்ததும் தண்ணீர் உடனே திரும்பிவிடும் என்று நினைக்காதீர்கள். ஹட்சனில் நீர்மட்டம் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிய பிறகும், ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஓட்டம் வடக்கு நோக்கியே போய்க்கொண்டிருக்கும். வற்றத்திலும் இதே கதைதான். ஆகவே ஏற்ற இறக்க அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் நேரம் தப்பிவிடும். அமெரிக்கக் கடல், வானிலை அமைப்பான நோவா வெளியிடும் நீரோட்ட அட்டவணையில் ஓட்டம் நிற்கும் நேரத்தைப் பாருங்கள். அதுவும் உங்கள் இடத்துக்குப் பக்கத்து நிலையத்துக்குரியதாக இருக்க வேண்டும். மன்ஹாட்டனில் ஏற்றம் வந்து பல மணி நேரம் கழித்துத்தான் கிங்ஸ்டனில் வரும்.

ஓட்டம் நிற்பதற்கு முந்தைய ஒன்றரை மணி, திரும்பி வேகம் எடுக்கும் முதல் ஒன்றரை மணி: இந்த நேரத்தில் உங்கள் இரை தண்ணீரில் இருக்க வேண்டும். தண்ணீர் அசையாமல் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பெரும்பாலும் கடி இருக்காது. அப்போது இரையை மாற்றுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, ஓடை ஆற்றில் கலக்கும் வாய் முதல் தேர்வு. கிங்ஸ்டனில் ராண்டவுட் ஓடை, சாகர்ட்டீஸில் எசோபஸ் ஓடை. வற்றும்போது ஹெர்ரிங் மீன்கள் அங்கே கூட்டமாக இருக்கும், பாஸ் அவற்றுக்காகக் காத்திருக்கும். அடுத்தது, கரை மூக்குப்போல நீண்டிருக்கும் இடத்தின் கீழ்ப்பக்கம். வேகமான நீரும் மந்தமான நீரும் உரசும் கோடு கண்ணுக்கே தெரியும். அந்தக் கோட்டில்தான் இரை கிடக்க வேண்டும். ஆற்றின் இரு கரையிலும் ரயில் பாதை ஓடுகிறது. தண்டவாளத்தைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும் என்றால் அந்த இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

படி 2: சாமான்

9 முதல் 10 அடி ராடு, 5000 அளவு ரீல், 30 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு, ஊன்றி வைக்க ஒரு ராடு தாங்கி. இவ்வளவு போதும்.

படி 3: கட்டும் முறை

முதலில் ஈயம் மாட்டும் கொக்கியுள்ள வழுக்குக் குழலை மெயின் நரம்பில் கோர்த்து, ஒரு பாசிமணியையும் கோருங்கள். பிறகு நரம்பு முனையில் சுழலியை (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு) கட்டுங்கள். சுழலியின் மறுபக்கம் 40 பவுண்டு நைலான் நரம்பு இரண்டு அடி. மூன்றடிக்கு மேல் போனால் வீசும்போதே சிக்கிக்கொள்ளும். அதன் முனையில் 7/0 அல்லது 8/0 அளவு சர்க்கிள் முள், அதாவது முனை உள்நோக்கித் திரும்பிய வட்ட முள். நேராக வார்த்ததாக இருக்க வேண்டும், முனை பக்கவாட்டில் வளைந்தது கூடாது. இரை வைத்து ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிப்பவர்களுக்கு இது சட்டம்.

ஈயம் 3 முதல் 6 அவுன்ஸ் வரை, அதாவது 85 முதல் 170 கிராம் வரை, எல்லா அளவிலும் வைத்திருங்கள். ஓட்டம் கூடக் கூட ஈயத்தையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அடியில் பாறை அதிகம், ஈயம் மாட்டத்தான் செய்யும். ஈயத்தை நேராகக் கொக்கியில் மாட்டாமல் ஒரு சாண் நீள 10 பவுண்டு நரம்பில் கட்டித் தொங்கவிடுங்கள். மாட்டினால் அந்தத் துண்டு மட்டும் அறுந்து ஈயம் போகும், முள்ளும் மீனும் உங்களிடமே இருக்கும்.

படி 4: இரை

சீசன் தொடக்கத்தில் இரத்தப்புழு. ஹெர்ரிங் வந்த பிறகு ஹெர்ரிங் துண்டுதான் சிறந்தது, அதிலும் தலைத்துண்டு. மீனை மூன்று நான்கு துண்டாக வெட்டி, துண்டின் ஓரத்தில் தோல் வழியாக ஒரே ஒரு முறை முள்ளை ஏற்றுங்கள். முள்ளின் வளைவுக்கும் முனைக்கும் நடுவே இடைவெளி திறந்தே இருக்க வேண்டும். சதையால் அதை அடைத்துவிட்டால் மீன் கடிக்கும், மாட்டாது. தொடக்கக்காரர்கள் மீனைத் தவறவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரையை மாற்றுங்கள். வெளுத்துப் போன துண்டில் வாசனை மிஞ்சியிருக்காது.

படி 5: வீச்சும் கடியும்

ஓட்டம் வரும் திசையில் சாய்வாக, மேல்நோக்கி வீசுங்கள். ஈயம் தரையைத் தொட்டதும் இன்னும் சில மீட்டர் நரம்பை விடுங்கள். நரம்பு ஓட்டத்தில் வில்லாக வளையும், அந்த இழுப்பில் ஈயம் மண்ணைக் கவ்வும். நேர் எதிரே வீசி இறுக்கிப் பிடித்தால் ஈயம் உருண்டு கரைக்கே வந்து சேரும். ஆற்றின் நடுவரைக்கும் எறிய வேண்டாம். 20, 30 மீட்டரில் ஆழம் விழும் விளிம்பே பெரும்பாலும் போதும். ராடை ஊன்றிய கையோடு டிராக்கை (மீன் இழுத்தால் ரீல் நரம்பை எவ்வளவு இறுக்கமாக விடும் என்பதைக் கட்டுப்படுத்தும் திருகு) தளர்த்துங்கள், இல்லையென்றால் மீன் ராடோடு போய்விடும்.

கடி இரண்டு விதம். ஒன்று, ராடு வளைந்து ரீல் சத்தமிடும். மற்றொன்றைப் பலர் கவனிப்பதில்லை: வளைந்திருந்த நுனி திடீரென நிமிர்ந்து நரம்பு தொய்யும். மீன் இரையோடு உங்களை நோக்கி வருகிறது என்று பொருள். இரண்டிலும் ராடை வெடுக்கென்று இழுக்கவே கூடாது. இழுத்தால் சர்க்கிள் முள் வாயிலிருந்து வெறுமனே வழுக்கி வந்துவிடும். டிராக்கை 3 முதல் 4 கிலோ இழுவைக்கு இறுக்கி, நரம்பு கனக்கும் வரை ரீலைச் சுற்றுங்கள். முள் தானாகவே வாயோரத்தில் திரும்பிப் பதியும்.

படி 6: கரையேற்றம்

ரப்பர் வலை வைத்துக்கொள்ளுங்கள். குத்துக்கொக்கியால் பாஸைக் குத்தி எடுப்பது தடைசெய்யப்பட்டது. மீனின் வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து அளவெடுங்கள். விடப்போகும் மீனை ஈரக்கையால் கிடைமட்டமாகத் தாங்குங்கள், தாடையில் தொங்கவிடாதீர்கள். ஓட்டத்தைப் பார்த்து நிறுத்திப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் தானே உதறிக்கொண்டு போகும். விடப்படும் மீன்களில் 9 சதவீதம் பிறகு செத்துவிடுவதாகவே அட்லாண்டிக் கரையோர மாநிலங்களின் மீன்வள ஆணையம் கணக்கிடுகிறது. தண்ணீர் சூடாகச் சூடாக ஆபத்து கூடும். எலும்புத் தகடுகளோடு நீண்ட மூக்குள்ள மீன் மாட்டினால் அது ஸ்டர்ஜன். காக்கப்பட்ட இனம் என்பதால் தண்ணீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றி விடுங்கள்.

சமைக்க எடுத்துப் போவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1947 முதல் 1977 வரை மேல் ஹட்சனில் கொட்டப்பட்ட பிசிபி என்னும் தொழிற்சாலை இரசாயன நச்சு இன்றும் மீன்களில் இருக்கிறது. மாதம் எத்தனை முறை உண்ணலாம் என்று ஆற்றுப் பகுதிவாரியாகவும் வயதுவாரியாகவும் மாநிலச் சுகாதாரத் துறை அறிவுரை வெளியிடுகிறது. குழந்தைகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் கட்டுப்பாடு அதிகம். நச்சு கொழுப்பில்தான் சேரும். தோலை உரித்து, வயிற்றுப் பகுதியையும் முதுகுக் கொழுப்பையும் வெட்டி எறியுங்கள். குழம்பு வைக்காதீர்கள், கொழுப்பு அதிலேயே தங்கிவிடும். கம்பித்தட்டில் சுட்டு, வடியும் எண்ணெயைக் கொட்டிவிடுங்கள்.