கெடிலத்தோடு இறங்கி வந்து கடலூரைப் பாருங்கள்

கடலூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் புதுச்சேரிக்கோ சிதம்பரத்துக்கோ போகிற வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். உச்சி வெயிலில் சில்வர் பீச்சுக்குப் போகிறார்கள், மணல் சுட்டதும் திரும்பிவிடுகிறார்கள். "உங்கள் ஊரில் பார்க்க வேறு என்ன இருக்கிறது?" என்று என் நாத்தனார் வீட்டார் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். இந்த ஊரை என் மாமியார் எனக்குக் காட்டிய விதமே வேறு. இப்போது யார் வந்தாலும் நான் முதலில் கடலைக் காட்டுவதில்லை. பண்ருட்டியில் இறங்கி, கெடிலம் ஆறு வருகிற வழியிலேயே ஊருக்குள் வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். கடல் கடைசியில்தான் வர வேண்டும்.

இதற்கு ஒரு முழுப் பகலும் மறுநாள் விடியற்காலையும் போதும். கோயில்கள் நண்பகலில் சாத்தினால் நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும் என்பதால் காலையை வீணாக்கக் கூடாது. மார்கழிக் கடைசி முதல் மாசி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கெடிலமும் தென்பெண்ணையும் கரை தொட்டு ஓடும்; அந்த நாட்களில் ஆற்றோரம் சுற்றும் எண்ணமே வேண்டாம். மற்ற மாதங்களில் ஆறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். அதைப் பார்த்து ஏமாற்றமடையாதீர்கள். இந்தக் கரையில் ஆயிரத்து நானூறு ஆண்டுக் கதை இருக்கிறது.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குக் கும்பகோணம் பஸ் பண்ருட்டி வழியாகவே போகிறது. விழுப்புரத்திலிருந்து ரயிலும் உண்டு. காலை ஏழு மணிக்குள் இறங்கிவிட்டால், ஊரை ஒட்டியே இருக்கும் திருவதிகைக்கு ஆட்டோவில் சில நிமிடங்கள்தான்.

திருவதிகை வீரட்டானேஸ்வரர் கோயிலில் அவசரமாகச் சுவாமி பார்த்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டாம். கருவறையில் இருப்பது பதினாறு பட்டை கொண்ட பெரிய லிங்கம். விளக்கொளி அதன் பட்டைகளில் விழுவதைச் சற்று நின்று பாருங்கள். பிறகு பிராகாரத்துக்கு வந்து விமானத்தை அண்ணாந்து பாருங்கள். சிவன் முப்புரம் எரித்த தலம் என்பதால் விமானத்தைத் தேர் வடிவில் எழுப்பியிருக்கிறார்கள். அடுக்கடுக்காக நிற்கும் சுதைச் சிற்பங்கள் காலை வெயிலில்தான் துலக்கமாகத் தெரியும்.

இங்கேதான் திலகவதியார் தொண்டு செய்துகொண்டிருந்தார். அவருடைய தம்பி சமண சமயம் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு, இன்று கடலூருக்குள் இருக்கும் திருப்பாதிரிப்புலியூரின் சமணப் பள்ளியில் தலைமை பெற்று இருந்தார். சூலை நோய் தாங்க முடியாமல் ஓர் இரவில் அங்கிருந்து புறப்பட்டு அக்காவைத் தேடி இங்கே வந்தார். அக்கா திருநீறு கொடுக்க, தம்பி பாடிய முதல் பதிகம்தான் 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்'. அந்தத் தம்பிதான் திருநாவுக்கரசர். அவர் வயிற்று வலியோடு வந்த வழியில்தான் நீங்கள் எதிர்த்திசையாகக் கடலை நோக்கி இறங்கப் போகிறீர்கள். திலகவதியாருக்குக் கோயிலுக்குள் தனிச் சந்நிதி இருக்கிறது. தவற விடாதீர்கள்.

கோடையில் வந்தால் பண்ருட்டியை விட்டுக் கிளம்புவதற்கு முன் பலாப்பழம். சித்திரையில் வரத்து தொடங்கி ஆடி வரை நீளும். முழுப் பழம் வாங்குவதென்றால் விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். காயாக இருந்தால் ஓசை இறுகி வரும். பழுத்திருந்தால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் மந்தமாகக் கேட்கும். முட்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூராக இருந்தால் இன்னும் நாளாக வேண்டும். விரிந்து மழுங்கியிருந்தால் எடுக்கலாம். காம்புப் பக்கம் மூக்கை வைத்து வாசனை வருகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் அறுக்கும்போது கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பால் ஒட்டாது. பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சுளையாக வாங்குவதே வசதி. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் இந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. தாத்தா வைத்த மரத்தை ஒரே இரவில் இழந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆகவே அளவுக்கு மீறிப் பேரம் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பண்ருட்டியிலிருந்து கடலூருக்கு இரண்டு வழி. நெல்லிக்குப்பம் வழியில் பஸ் அதிகம். ஆனால் நீங்கள் பாலூர் வழியாகப் போகும் பஸ்ஸைக் கேட்டு ஏறுங்கள். அதுதான் திருவந்திபுரம் வழியாக வரும். வயலும் கொல்லையுமாக, பார்த்துக்கொண்டு வரவும் நல்ல சாலை.

திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில் நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. கெடிலம் இங்கே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. பெருமாளுக்குத் தாகம் எடுத்தபோது கருடன் தண்ணீர் கொண்டுவரத் தாமதமானதால் ஆதிசேஷன் வாலால் நிலத்தை அடித்துத் தீர்த்தம் வரவழைத்தான். பிறகு கருடன் கொண்டுவந்ததும் வீணாகாமல் ஆறாக ஓடியது என்பது தலபுராணம். ஆதிசேஷனுடையது கோயிலுக்குள் இருக்கும் சேஷ தீர்த்தக் கிணறு, கருடனுடையது வெளியே ஓடும் கெடிலம். நோய் தீர வேண்டிக்கொண்டு கிணற்றில் உப்பும் மிளகும் வெல்லமும் போடுவார்கள். எதிரே ஔஷதகிரி என்ற சிறு குன்று, மேலே ஹயக்ரீவர். வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்த இடம் இது. பரீட்சைக்கு முன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கள் ஊர்த் தாய்மார்கள் இந்தப் படிகளில் ஏறுவார்கள், நானும் ஏறியிருக்கிறேன். படிகள் குறைவு, வயதானவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம்.

புறப்படும் முன் காலண்டரில் முகூர்த்த நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே கல்யாணம் செய்வதாக வேண்டிக்கொண்டவர்கள் நடுநாடு என்று சொல்லும் இந்த வட்டாரம் முழுவதும் இருக்கிறார்கள். வளர்பிறை முகூர்த்தம் என்றால் கோயில் வாசலில் மாலையும் கழுத்துமாக மணமக்கள் வரிசையில் நிற்பார்கள், சாலையில் வேன் நகராது. எனக்கு அந்தக் கூட்டம் பிடிக்கும். நிதானமாகத் தரிசனம் வேண்டுகிறவர்கள் வேறு நாளில் வாருங்கள். புரட்டாசிச் சனிக்கிழமையும் அப்படித்தான்.

பதினோரு மணிக்குள் திருப்பாதிரிப்புலியூர் வந்துவிட்டால் பாடலீஸ்வரர் கோயில் நடை திறந்திருக்கும். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். தல மரம் பாதிரி. அதன் பூ மணம் மறக்காது. மற்ற கோயில்களில் பள்ளியறைக்குச் சுவாமி அம்பாளிடம் போவார், இங்கே அம்பாள் சுவாமியிடம் வருகிறார் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பெருமை. நாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது, அவர் பாடிக்கொண்டே மிதந்து கரையேறியது இந்தப் பக்கம்தான். கரையேறவிட்ட குப்பம் என்ற பெயரிலேயே இன்றும் அந்த இடம் இருக்கிறது. கடல் இப்போது அங்கிருந்து தள்ளிப் போய்விட்டது. சித்திரையில் அவர் கரையேறிய விழா நடக்கும். காலையில் திருவதிகையில் பார்த்த கதை உங்களோடு ஆற்றின் கூடவே வந்து இங்கே முடிகிறது. இந்த வரிசையில் பார்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

மதியச் சாப்பாடும் ஓய்வும் லாரன்ஸ் சாலைப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். மீன் குழம்புச் சாப்பாடு போடும் சிறிய கடைகள் உண்டு, தங்கும் விடுதிகளும் அருகிலேயே இருக்கின்றன. நான்கு மணிக்கு முன் வெளியே வர வேண்டாம்.

வெயில் தாழ்ந்ததும் அண்ணா பாலத்தில் கெடிலத்தைக் கடந்து மஞ்சக்குப்பம் வழியாகத் தேவனாம்பட்டினம் போங்கள். ஆறு கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இதை மராட்டியரிடமிருந்து வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் சேர்த்தி என்று பேச்சு. நான்கு திசையிலும் சுட்டு எல்லை பிடித்தார்கள். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று அந்தச் சுடுதல் இன்னும் எங்கள் முகவரிகளில் இருக்கிறது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமே இங்கே வந்து 1752 வரை இருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கோட்டையைப் பிடித்துத் தகர்த்துவிட்டது. மிஞ்சியிருப்பது செங்கல் மேடும் சில சுவர்த் துண்டுகளும்தான். புதர் மண்டியிருக்கும், செருப்பில்லாமல் நடக்காதீர்கள். வழி தெரியாவிட்டால் அங்கே விளையாடும் பையன்களைக் கேளுங்கள், கூடவே வந்து காட்டுவார்கள்.

அதன் பிறகுதான் சில்வர் பீச். கிழக்குப் பார்த்த கடற்கரை என்பதால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் மறையும், மணல் சீக்கிரம் ஆறிவிடும். பௌர்ணமியாக இருந்தால் நிலா எழும்வரை உட்காருங்கள். சுண்டல், மிளகாய் பஜ்ஜி, தோசைக்கல்லில் பொரித்த மீன் எல்லாம் கிடைக்கும். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். முகத்துவாரத்துப் பக்கம் இழுப்பு அதிகம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினமும் துறைமுகத்தை ஒட்டிய குப்பங்களும் உயிர்களைப் பறிகொடுத்தன. ஆண்டுதோறும் அந்த நாளில் நினைவுத்தூணுக்கு மலர் வைத்துக் கடலில் பால் ஊற்றுவார்கள். அன்று வருகிறவர்கள் சுற்றுலா மனநிலையில் வர வேண்டாம்.

நாள் பார்த்து வர முடிந்தால் இரண்டு நாட்களைச் சொல்வேன். ஒன்று மாசி மகம்: சுற்றுவட்டாரச் சுவாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும். மற்றொன்று தை ஐந்தாம் நாள் நடக்கும் ஆற்றுத் திருவிழா. பொங்கலுக்கு வந்த உறவுகள் ஊர் திரும்பும் முன் பெண்ணையாற்றங்கரையில் கூடுவார்கள். ஊர் ஊராகச் சுவாமிகள் ஆற்றுக்கு இறங்கும். மணலில் ராட்டினமும் வளையல் கடையும் முளைத்துவிடும். அங்கே விற்கும் சுருளிக்கிழங்கை வாங்கிக் கொண்டுபோய் வேகவைத்துத் தின்னாமல் எங்கள் வீட்டில் தை மாதம் நிறைவு பெறாது.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குக் கடலூர் முதுநகர் துறைமுகம். இரவு கடலுக்குப் போன படகுகள் திரும்பும் நேரம். ஏலம் வேகமாக நடக்கும். கூடையோடு நிற்கும் வியாபாரப் பெண்களுக்கு அது பிழைப்பு, அவர்கள் வழியை மறிக்காமல் ஓரமாக நின்று பாருங்கள். முகத்தருகே கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். வீட்டுக்கு வாங்குவதென்றால் ஏலத்தில் அல்ல, பக்கத்தில் கூறு கட்டி வைத்திருப்பவர்களிடம் வாங்குங்கள். என் மாமியார் சொல்லிக்கொடுத்த முறை இது: முதலில் செவுளைத் தூக்கிப் பாருங்கள், இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும்; பழுப்பேறியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். கண் உப்பித் தெளிவாக இருக்க வேண்டும், குழி விழுந்திருக்கக் கூடாது. வயிற்றில் கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வர வேண்டும். நண்டைக் கையில் தூக்கினால் அளவுக்கேற்ற கனம் இருக்க வேண்டும். வஞ்சிரத்தையே எல்லோரும் தேடுகிறார்கள். குழம்புக்குச் சங்கராவும் கிழங்கானும் அதைவிட ருசி, விலையும் குறைவு. மாங்காய் போட்டு வைத்தால் மறுநாள்தான் முழுச் சுவை இறங்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது சிறு படகுகளின் கரையோர மீன் மட்டும் வரும், விலை ஏறியிருக்கும். மற்ற மாதங்களில், அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கொடுத்து மீனைச் சுத்தம் செய்து, கழுவாமல் ஐஸ் போட்டுப் பெட்டியில் கட்டிக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குள் கிளம்பிவிட்டால் விழுப்புரம், புதுச்சேரி, சிதம்பரம் எங்கே போனாலும் பகல் சமையலுக்குக் கெடாமல் போய்ச் சேரும்.