நாற்பதுக்கு மேல் மாரத்தான்: உடம்புக்கு நன்றி சொல்லி ஓடத் தொடங்குவது எப்படி?

நாற்பது, ஐம்பது வயதிலும் கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கிறது, மூச்சு சீராக வருகிறது என்றால் அது பெரிய கொடுப்பினை. அதற்கு நன்றியை வாயால் சொன்னால் போதாது, உடம்பைப் பார்த்துக்கொள்வதில் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் டாக்டர். பிரஷர், சுகர், ஈசிஜி மூன்றும் பாருங்கள். வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ஓடுகிற நாளில் அளவு என்ன என்று கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

அப்புறம் ஷூ. சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் உப்பியிருக்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

நம்ம ராமநாதபுரம் பக்கம் கடற்கரைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அரியமான் கடற்கரை மணலில் ஆரம்பிக்க வேண்டாம். கால் புதைகிற மணல் கெண்டைக்காலையும் குதிகாலையும் பிடித்து இழுத்துவிடும். அலை நனைத்த மணல் கெட்டிதான், ஆனால் கடல் பக்கம் சரிவு என்பதால் ஒரு கால் தாழ்ந்தே ஓடும். ஊர்ப் பள்ளி மைதானமோ வண்டி குறைந்த சாலையோ போதும்.

முதல் மாதம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, மொத்தம் 25 நிமிடம், வாரத்தில் 3 நாள், அவ்வளவுதான். பக்கத்தில் ஓடுபவரிடம் பாம்பனில் இன்றைக்கு நண்டு என்ன விலை என்று ஒரே மூச்சில் கேட்க முடிய வேண்டும். முடியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். பிறகு மெல்ல மெல்ல ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைக்கலாம்.

ஆடி மாதக் காற்றில் எதிர்க்காற்றில் போய், காற்றோடு திரும்புங்கள். களைத்த பிறகு காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. இங்கே வியர்வை கொட்டும், புழுக்கத்தில் காயாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் ஓஆர்எஸ் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் கலக்குவதானால் 1 லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும்.

ஓடி முடித்ததும் உட்காராமல் 10 நிமிடம் நடங்கள். எனக்கு நன்றி சொல்லும் நேரம் இதுதான்: பாதம், முட்டி, இடுப்பு, நெஞ்சு என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே நடப்பேன். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது விரல் இடுக்கில் ஒட்டிய மணலை எடுத்து, துடைத்து, கொப்புளமோ வெடிப்போ இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். சுகர் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் புண் வந்துவிடும், இதை ஒருநாளும் விடக்கூடாது.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம், வாரத்துக்கு 1 கிலோமீட்டருக்கு மேல் கூட்டாமல். அது 18-ஐத் தொட்டபின் தனுஷ்கோடி சாலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் போய்த் திரும்பிப் பாருங்கள். போக 9.5 கிலோமீட்டர், ஆக 19. அரை மாரத்தானின் 21.1-க்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இரு பக்கமும் கடல், மருந்துக்கும் நிழல் கிடையாது, அதனால் வெயிலுக்கும் சுற்றுலா வண்டிகளுக்கும் முந்திவிடுங்கள்.

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அரை மாரத்தானை முடித்த பிறகு அதற்கு இன்னும் நான்கைந்து மாதமாவது கொடுங்கள். பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். எந்தக் கட்டத்திலும் நெஞ்சை அடைத்தாலோ தலை சுற்றினாலோ பந்தயமே ஆனாலும் நின்று, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.