ஷேர்டு டிரைவில் எக்ஸெல் ஃபைல் திறக்கவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

நான்கைந்து பேர் சேர்ந்து வேலை செய்யும் ஷேர்டு டிரைவில் ஒரு எக்ஸெல் ஃபைல் திடீரென்று "கரப்ட்" என்கிறதா? உடனே ரிப்பேரில் இறங்காதீர்கள்.

படி 1: அந்த ஃபைலை அப்படியே உங்கள் கணினிக்குக் காப்பி எடுங்கள். இனி எதைச் செய்தாலும் காப்பியில் மட்டும்தான்.

படி 2: காப்பியைத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டால் ஃபைல் நலமாக இருக்கிறது; சிக்கல் நெட்வொர்க்கிலோ பூட்டிலோ இருக்கிறது. ஒருவர் எக்ஸெல் ஃபைலைத் திறந்ததும் அதே ஃபோல்டரில் நெளிகோடும் டாலர் குறியுமாகத் (~$) தொடங்கும் மறைவான பூட்டு ஃபைல் ஒன்று உருவாகும். அவர் கணினி பாதியில் நின்றுபோனால் அது அழியாமல் தங்கிவிடும். எல்லோரும் எக்ஸெலை மூடிய பிறகு அதை மட்டும் அழியுங்கள்.

படி 3: காப்பியும் திறக்கவில்லை என்றால், ஷேர்டு ஃபோல்டரில் பெயர் புரியாத, எக்ஸெல் நீட்டிப்பு (பெயரின் கடைசியில் வரும் .xlsx) இல்லாத ஃபைல் ஏதாவது கிடக்கிறதா என்று தேடுங்கள். இதைப் பலரும் குப்பை என்று அழித்துவிடுகிறார்கள், அது எனக்கு மிகவும் வருத்தம். எக்ஸெல் சேமிக்கும்போது பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை. முதலில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, பழையதை நீக்கி, புதியதற்கு அந்தப் பெயரைச் சூட்டும். நடுவில் வைஃபை அறுந்தாலோ லேப்டாப்பை மூடினாலோ அந்தத் தற்காலிக ஃபைல் அங்கேயே நின்றுவிடும். அதைக் காப்பி எடுத்து, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று நீட்டிப்பு கொடுத்துத் திறந்து பாருங்கள். கடைசியாகச் செய்த வேலை அதிலேயே இருக்கலாம்.

படி 4: அதுவும் இல்லையா? எக்ஸெலின் ஓப்பன் பெட்டியில் ஓப்பன் பட்டனை ஒட்டிய அம்புக்குறியை அழுத்தினால் "ஓப்பன் அண்ட் ரிப்பேர்" வரும். ஃபைல் அளவு 0 கேபி என்றால் இது வீண் வேலை. ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் "ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்" பாருங்கள். சர்வரில் ஷேடோ காப்பி (ஃபைல்களின் பழைய நிலையைச் சேமித்து வைக்கும் வசதி) முன்பே இயங்கியிருந்தால் பழைய பதிப்புகள் கிடைக்கும்.

படி 5: சரி, காரணம் என்ன? பழுதாவது எப்போதும் ஒரே ஆள் சேமித்த ஃபைல் என்றால் அவருடைய கேபிளையும் வைஃபையையும் சோதியுங்கள். பலருடைய ஃபைல்களும் பழுதானால் சர்வரின் ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் தன் நிகழ்வுகளையும் பிழைகளையும் காட்டும் இடம்) சிஸ்டம் பதிவுகளைத் திறங்கள். "டிஸ்க்" என்ற மூலத்திலிருந்து 7 என்ற எண் வந்திருந்தால் வட்டில் பேட் பிளாக், அதாவது பழுதான பகுதி, இருக்கிறது. "என்டிஎஃப்எஸ்" மூலத்தில் 55 என்றால் ஃபைல் அமைப்பே குலைந்திருக்கிறது. 7 தென்பட்டால் முதலில் எல்லாவற்றையும் வேறு வட்டுக்கு பேக்கப் எடுங்கள். அப்புறம்தான் டிஸ்க் செக், அதாவது வட்டில் பிழை தேடும் சோதனை. சாகும் நிலையிலுள்ள வட்டை அந்தச் சோதனை இன்னும் வேலை வாங்கும்.